எந்தக் கையால் அணைத்தாள்?

என் வேலையே சந்தேகப்படுவதுதான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு காட்சியில் நாயகி தண்ணீர்ச் சொம்பை வலது கையில் பிடித்திருந்தால், மூன்று நாள் கழித்து மீதியை எடுக்கும்போதும் அது வலது கையில்தான் இருக்க வேண்டும். மேல் பொத்தான் போட்டிருந்ததா, வியர்வை நெற்றியில் இருந்ததா கழுத்திலா, கதவு எவ்வளவு திறந்திருந்தது என்று எல்லாவற்றையும் நோட்டில் குறித்துவைப்பவள் நான். பத்தொன்பது வருடமாகக் காமிராவுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, யார் சொல்வதையும் நம்பாமல், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதிப் பிழைத்தேன். நேரில் என்னை 'மேடம்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'பூதக்கண்ணாடி'. எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு.

அந்தப் பூதக்கண்ணாடியின் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டார்கள். யார் தூவியது என்பதுதான் கதை.

நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஞானியின் படம். ஞானியின் கதை பால்குடி மாறாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவர் ஒற்றை விளக்கின் வெளிச்சத்தில் மறைநூலை எழுதிக்கொண்டிருந்தார். கடைசிப் பாட்டு ஒன்றுதான் பாக்கி. அவர் மனைவி பொறாமையில் விளக்கை அணைத்துவிட்டாள். பாட்டு எழுதப்படாமலே போயிற்று, ஞானியும் இருட்டில் எழுந்து போனவர் போனவர்தான். அந்தப் பாட்டு இல்லாததால்தான் உலகத்தில் இன்னும் துன்பம் இருக்கிறதாம். எல்லாத் துன்பத்துக்கும் ஒரு பெண்பிள்ளையைக் கைகாட்டியாயிற்று, ஊருக்கு நிம்மதி. மருமகளைப் பிடிக்காத மாமியார்கள் 'விளக்கணைச்சவ' என்று திட்டுவது இதை வைத்துத்தான்.

எங்கள் டைரக்டர் முப்பது வயதுப் பெண். முதல் படம். அவள் கதையை வேறு மாதிரி எழுதியிருந்தாள். அரசனின் ஆட்கள் ஞானியைத் தேடித் தெருத் தெருவாக வருகிறார்கள். ஊரே இருண்டு கிடக்க, ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம். மனைவி முதலில் ஜன்னலைச் சாத்துகிறாள். இடுக்கு வழியாக வெளிச்சம் கசிகிறது. காலடிச் சத்தம் நெருங்குகிறது. விளக்கை அணைக்கிறாள். பாட்டு போயிற்று, ஆள் பிழைத்தான். உண்மையைச் சொன்னால் அவர் போன வழியையும் சொல்ல வேண்டிவரும் என்று, ஊர் போட்ட பழியைச் சாகும்வரை சுமந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறாள்.

இந்தக் கதையை டைரக்டர் எங்களுக்குச் சொன்ன நாளில் என் அக்கா துணி அறையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அக்காவுக்குத் தையல் வேலை. தளத்துக்கு மாடியில் துணி அறை. படத்தில் யார் எதை உடுத்தினாலும் அவள் மிஷினில் ஓடியதாகத்தான் இருக்கும். நான்தான் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தேன். அத்தானின் வியாபாரம் மூழ்கியபோது அவள் மாமியார், தெருவில் நிற்கவைத்து அவளை 'விளக்கணைச்சவ' என்று சொன்னாள். அன்றைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தவள், பதினோரு வருடமாயிற்று. “காப்பாத்தத்தான்டி அணைச்சிருக்கா. இவ்வளவு நாளா எவனுக்கும் தோணலையே” என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எல்லோருக்கும் அப்படிப் பிடித்துவிடுமா? படத்துக்குப் பணம் போட்ட முதலாளி ஒரு சரித்திரப் பேராசிரியரை ஆலோசகராகப் போட்டிருந்தார். அவர் முதல் கூட்டத்திலேயே கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஞானிக்குக் கல்யாணமே ஆகலைங்க. நானூறு வருஷம் கழிச்சு ஒருத்தர் எழுதுன உரையிலதான் மொதல்முதலா பொண்டாட்டி வர்றா.”

“பொண்டாட்டி இல்லாம பாட்டு எங்க சார் வைக்கிறது?” என்றார் முதலாளி.

சரித்திரம் அதோடு வாயை மூடிக்கொண்டது. ஆனால் ஞானியின் பேரில் ஒரு சபை இருக்கிறதே, அதன் வாயை மூட முடியுமா? நகரத்தின் நடுவில் பெரிய பிரார்த்தனைக் கூடம், அதற்கு ஒரு செயலாளர். மரியாதைக் குறைவாக எதுவும் வராது என்று முதலாளி எழுதிக் கொடுத்துத்தான் அனுமதி வாங்கியிருந்தார். புதுக் கதையைப் பற்றி அவர்களிடம் மூச்சு விடவில்லை. தளத்தில் நடப்பதை வெளியில் பேசமாட்டோம் என்று எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். செல்போன்களை வாசலில் ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

விளக்குக் காட்சியை எடுத்த மூன்றாம் நாள் சபையிலிருந்து கடிதம் வந்தது. 'புனித விளக்கை இடது கையால் அணைக்கவைத்து ஞானியை அவமதித்திருக்கிறீர்கள்' என்று இருந்தது.

முதலாளி எங்களை அலுவலக அறைக்குக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். இது வெளியில் தெரிய வழியே இல்லை. ஏன் என்றால், கதைத்தாளில் 'அணைக்கிறாள்' என்று மட்டும்தான் இருக்கிறது. ஒத்திகையில் நாயகிக்கு வலது விரல் சுட்டுவிட்டது. அதனால் மூன்றாவது தடவை இடது கையை நீட்டித் திரியை அழுத்தினாள். அது நன்றாக வந்ததால் டைரக்டர் அதையே வைத்துக்கொண்டாள். அப்போது தளத்தில் இருந்தவர்கள் பதினோரு பேர்.

“இடது கைன்னு எழுதி வெச்சிருக்கிறது ஒரே ஒரு எடத்துலதான்” என்று சொல்லி முதலாளி என் மடியைப் பார்த்தார். மடியில் நோட்டு இருந்தது.

“எழுதுறவ எழுதித்தான் வெப்பா. அதுக்காக ஊருக்குப் படிச்சா காட்டுவா?” என்றேன். சூடாகத்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் இரண்டாவது கடிதம். 'வீரர்கள் கடந்துபோனதும் அந்தப் பெண் சிரிப்பதாக எடுத்திருக்கிறீர்கள். ஞானியின் துன்பத்தில் சிரிப்பா?' அதுவும் கதைத்தாளில் இல்லாதது. காலடிச் சத்தம் தேய்ந்ததும் நாயகி மூச்சை விட்டாள், அது சிரிப்பாக வந்துவிட்டது. என் நோட்டில் இருந்தது: 'உதடு பிரிந்து சிரிப்பு, பல் தெரியவில்லை'.

இந்த முறை முதலாளி சுற்றி வளைக்கவில்லை. “இவங்க கோர்ட்டுக்குப் போனா படம் பெட்டிக்குள்ளயே கெடக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆள் யாருன்னு தெரியணும். தெரியலன்னா நோட்டு யார் கையில இருக்கோ அவங்கதான்னு எடுத்துக்குவேன்” என்றார்.

எங்கள் தொழிலில் எந்தத் தப்பையும் மன்னிப்பார்கள். ஆனால் வெளியில் சொல்கிறவள் என்று ஒரு பேர் வந்துவிட்டால், அப்புறம் எந்தத் தளத்திலும் காமிராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போடமாட்டார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது. ஆகவே நானும் என் கண்ணைத் தீட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முதலில் பேராசிரியர் மேல் சந்தேகம். மனைவி பாத்திரமே ஒழிந்தால் அவருக்குத்தானே சந்தோஷம்? அடுத்து நாயகி. பேப்பரில் பேர் வந்தால் கசக்குமா? சுட்ட விரலை ஒரு வாரமாகப் பார்க்கிறவரிடமெல்லாம் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். டைரக்டரையும் நான் விடவில்லை. கலவரம் வந்தால் படம் ஓடும் என்று கணக்குப் போட்டிருப்பாளோ? முதலாளியே கடிதத்தைத் தானே தட்டச்சு செய்துகொண்டாரோ? டீ கொண்டுவந்து வைக்கிற பெரியவர்கூட ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் ஒரு நிமிஷம் அதிகமாக நின்றார் என்று அவருடன் இரண்டு நாள் பேசவில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று பிற்பாடு தெரிந்தது.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அக்காவிடம் கொட்டினால்தான் எனக்குச் சோறு இறங்கும். அன்றன்றைக்கு எடுத்ததை அப்படியே நடித்துக் காட்டுவேன். சபையிலிருந்து புகார் வந்தது என்று சொன்னேனே தவிர, அவள் மனசு நோகும் என்று கடிதத்தில் இருந்ததை மட்டும் சொல்லவில்லை. அவள் மாடியில் தைத்துக்கொண்டிருப்பவள், கீழே நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது. “யாரா இருக்கும்கா?” என்று கேட்பேன். “யாரையும் சட்டுன்னு சொல்லிடாதடி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு ஆயிடும்” என்பாள்.

கடைசியில் என் கண் பல்பு அண்ணன் மேல் போய் நின்றது. விளக்குகளைத் தூக்கி நிறுத்தும் ஆட்களுக்கு அவர்தான் தலைவர். சபையைச் சேர்ந்தவர். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போவார். பத்து நாளாக வாசலுக்கு வெளியே ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நின்று போனில் பேசுகிறார். நான் வந்தால் நிறுத்திவிடுகிறார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர். பன்னிரண்டு வருடமாக, தளம் முழுக்க இருட்டாக இருந்தாலும் என் நாற்காலிக்குப் பக்கத்தில் கறுப்புத் தாள் சுற்றிய ஒரு சின்ன விளக்கு இருக்கும், நான் எழுதுவதற்கு. யாரும் சொல்லி அவர் அதை வைத்ததில்லை. இத்தனை அக்கறை எதற்கு, என் நோட்டைப் படிக்கத்தானே என்று அப்போது எனக்குத் தோன்றியது. தோன்றியதே, அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் பின்னாலேயே போனேன். பிரார்த்தனைக் கூடத்தின் படியில் நான் கால்வைத்துப் பத்து வருடம் இருக்கும். அக்காதான் வாரம் தவறாமல் காலையில் வந்துவிட்டு வேலைக்கு வருவாள். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. நடுவில் இடுப்பளவு உயரத்தில் பித்தளைப் பெட்டி, மேலே ஒரு வாய். பக்கத்தில் பலகை: 'உங்கள் வேண்டுதலை எழுதி இடுங்கள். சீட்டுகள் பிரிக்கப்படாமல் எரிக்கப்படும்.' ஜனங்கள் வரிசையாக வந்து மடித்த சீட்டுகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். நான் தூண் மறைவில் நின்றேன். பல்பு அண்ணன் நேராகச் செயலாளரின் அறைக்குப் போனார். கண்ணாடிக் கதவு. இரண்டு பேரும் தலையைச் சாய்த்துப் பேசினார்கள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்துக் கொடுத்தார். செயலாளர் அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

அது போதாதா? மூன்று மணிக்கு முதலாளியிடம் சொன்னேன். மூன்றரைக்கு அண்ணனைக் கூப்பிட்டு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அவரை ஒரு வார்த்தை பேசவிடவில்லை, அவரும் திகைத்துப் போய் மறுக்கவே இல்லையாம். வெளியே வந்தவர் என் நாற்காலிக்கு முன்னால் நின்றார்.

“பார்த்தது நீயா தங்கச்சி?”

“ஆமாண்ணே.”

“சரி. நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றி ஸ்டூல் மேல் வைத்தார். போகும்போது என் சின்ன விளக்கை மட்டும் அணைக்காமல் விட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் சொன்னபோது அக்கா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “அவரு அப்படிப்பட்ட ஆளா தெரியலையேடி” என்றாள். “நான் கண்ணால பார்த்தேன்கா” என்று அடித்துச் சொன்னேன்.

திங்கட்கிழமை மூன்றாவது கடிதம் வந்தது. 'ஞானியின் அங்கியைச் சாயம் ஏறாத வெள்ளை நூலால்தான் தைக்க வேண்டும் என்பது மரபு. உங்கள் படத்தில் அங்கியின் உட்புறம் நீல நூலால் தைக்கப்பட்டிருக்கிறது.'

“போறதுக்கு முன்னாடி இதையும் சொல்லிட்டுத்தான் போயிருக்கான்” என்றார் முதலாளி. அங்கிக் காட்சியை வியாழக்கிழமைதான் எடுத்திருந்தோம், அண்ணன் அன்றைக்கு இருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. அங்கியைப் பற்றி என் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது: இடுப்புக் கயிற்றின் முடிச்சு, வலது தோளில் மடிப்பு, ஓரத்தில் வெள்ளைத் தையல். நீலம் என்ற சொல்லே அதில் இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிக்குப் போனேன். துணி அறையில் யாரும் இல்லை. அங்கி கம்பியில் தொங்கியது. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் வெள்ளை. அடிப்பக்கம், பாபினிலிருந்து வரும் நூல், நீலம். துணியைப் பிடித்துத் திருப்பிப் பார்க்காதவரை யாருக்கும் தெரியாது. காமிராவுக்குத் தெரியாது. விளக்குப் போடுகிறவருக்குத் தெரியாது. எனக்கே தெரியவில்லை. தைத்தவளுக்குத்தான் தெரியும்.

வெட்டுத்துணிக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன். அங்கி சரி, அவள் தைத்தது. இடது கை அவளுக்கு எப்படித் தெரியும்? சிரிப்பு எப்படித் தெரியும்? அவள்தான் கீழேயே வருவதில்லையே? அப்புறம் ஞாபகம் வந்தது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இடது கையை நீட்டிக் காட்டியது யார்? உதட்டைப் பிரித்துப் பல் தெரியாமல் சிரித்துக் காட்டியது யார்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் ஊரில் இருக்கிற எல்லா வாயையும் சந்தேகப்பட்டேன், என் வாயைத் தவிர.

அக்கா கை கழுவிவிட்டு வந்து இஸ்திரிப் பெட்டியைப் போட்டாள்.

“அங்கிக்கு அடிநூல் நீலம்னு யாருகிட்டக்கா சொன்ன?”

“உனக்கெப்படித் தெரியும்?” என்று பதறினாள். “வெள்ளை தீந்துபோச்சுடி. ஷாட்டுக்குக் கூப்பிட்டுட்டாங்க. பாபின்ல இருந்த நீலத்தோடயே ஓட்டிட்டேன்.”

“யாருகிட்ட சொன்னன்னு கேட்டேன்.”

“எந்த மனுஷங்ககிட்டயும் சொல்லல. சத்தியமா.”

“மனுஷங்ககிட்ட இல்லன்னா?”

அக்கா தேய்ப்பதை நிறுத்தினாள். “பெட்டியில போட்டேன்.”

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அவளே சொன்னாள். பிரார்த்தனைக் கூடத்துப் பித்தளைப் பெட்டியில் வாராவாரம் எழுதிப் போட்டிருக்கிறாள். விளக்கை இடது கையால் அணைத்தார்கள், அந்தப் பெண்ணுக்கு விரல் சுட்டதால்தான், வேண்டுமென்று இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். அவள் சிரித்தது பயம் தெளிந்த சிரிப்பு, கேலி இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே வரி: 'இந்தப் படத்தில் வேலை செய்யும் என் தங்கை பேரில் பாவம் சேராமல் இருக்கட்டும்.' சபைக்காரர்கள் குற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

“அதை அவங்க பிரிச்சுப் படிக்கிறாங்கக்கா.”

“பிரிக்க மாட்டாங்க. பலகையில எழுதியிருக்கு.”

“பலகையில ஆயிரம் எழுதுவாங்க!”

“ஞானி பேரைப் போட்டு எழுதியிருக்குடி” என்றாள். “யாருக்கு எழுதுனேனோ அவர்தான் படிப்பார்.”

நான் மூன்று கடிதத்தையும் வரி வரியாகச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டி துணி மேலேயே இருந்து கருகல் வாடை வந்ததும் நான்தான் எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

“அப்போ எல்லாத்தையும் படிச்சிருப்பாங்களா?” என்று கேட்டாள். “பதினோரு வருஷமா எழுதுனது எல்லாத்தையுமா? உன் அத்தானைப் பத்தி எழுதுனது... எனக்குப் பொறக்காம போன பிள்ளையைப் பத்தி எழுதுனது?”

செயலாளரின் வழுக்கை மண்டையில் அந்த இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தால் தேவலை போல இருந்தது. அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“நான் போயி மொதலாளிகிட்ட சொல்லிடுறேன்” என்று எழுந்தாள்.

“நீ எங்கயும் போக வேணாம். நீ போயிட்டா விளக்கணைச்ச அந்தப் பொம்பளைக்கு யாரு துணி தைப்பா? கடைசிக் காட்சி இன்னும் பாக்கி இருக்கு. அவ கதை வெளிய வரணும்னு அழுதவ நீதான்.”

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். அக்கா படியில் உட்கார்ந்து சீட்டு எழுதி, மடிக்காமல் என்னிடம் காட்டினாள். 'ஐயா, இதைப் பிரித்துப் படிக்கும் உங்களுக்கு. இது ஒன்றுதான் நான் உங்களுக்கு எழுதியது. மற்றது எதுவும் உங்களுக்கு எழுதியது இல்லை.' பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். வெளியே வரும்போது அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். அடுத்த மாதம் கூடத்தில் நடக்கப்போகும் கல்யாணங்களின் பட்டியல். மூன்றாவது வரியில் பல்பு அண்ணனின் மகள். நீளக் கவரில் இருந்தது கல்யாணத்துக்கு இடம் கேட்டு எழுதிய விண்ணப்பம். ஜெனரேட்டருக்குப் பின்னால் நின்று பேசியது சம்பந்தியிடம்.

அதற்குப் பிறகு சபையிலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூச்சுப் பேச்சு இல்லை. எங்கள் இருவருக்கும் அந்த மௌனமே சாட்சி, செயலாளர் சீட்டைப் படித்திருக்கிறார். தளத்தில் அதே மௌனத்தை வேறு மாதிரி படித்தார்கள். “பாத்தீங்களா? பல்பு போனான், லெட்டரும் நின்னுபோச்சு.” டீக்காரப் பெரியவர்கூட அதைத்தான் சொன்னார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “உன் கண்ணுக்கு ஈடே இல்லைம்மா” என்று பாராட்டி, மெத்தை வைத்த புது நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டார்.

அதில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். முள்ளில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. பக்கத்தில் சின்ன விளக்கு இல்லை. புது ஆளுக்கு அது தெரியாது. என் கையெழுத்தே எனக்குத் தெரியவில்லை. ஒரு மனிதர் மகளுக்குக் கல்யாணம் வைத்துக்கொண்டு வேலையில்லாமல் நிற்கிறார், நான் மெத்தையில் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் நோட்டை முதலாளியின் மேசையில் வைத்தேன்.

“பல்பு அண்ணன் இல்ல. வெளிய போனது என்கிட்டேர்ந்துதான்.”

“என்னம்மா சொல்ற? யாருகிட்ட சொன்ன?”

“வீட்டுல வாய் ஓயாம பேசுனேன். செவுத்துக்கும் காது இருக்குல்ல?”

“எந்தச் செவுரு?” என்று கத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. நாலு தடவை கேட்டார், மேசையைத் தட்டினார். இத்தனை வருடத்தில் பேச வேண்டாத இடத்தில் நான் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். அக்காவின் வேலை தப்பியது, என் வேலை போயிற்று. மத்தியானமே அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வாசலில் எதிரில் வந்தார். மன்னிப்புக் கேட்டேன். அண்ணே என்று கையையும் பிடித்தேன்.

“பரவாயில்ல மேடம்” என்றார். மேடம்.

செய்தி பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் எந்தக் கம்பெனியிலிருந்தும் எனக்கு அழைப்பு வரவில்லை. அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவள் வெள்ளிக்கிழமை கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சீட்டு எழுதும் நேரத்தில் ஜன்னல் ஓரமாகச் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

எட்டு மாதம் கழித்துப் படம் வந்தது. மதியக் காட்சிக்குப் போனோம். அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். முதலில் சபைக்கு நன்றி. அடுத்து செயலாளருக்கு நன்றி. அதைப் பார்த்ததுமே எனக்கு உள்ளுக்குள் குறுகுறு என்றது, இதில் ஏதோ இருக்கிறது என்று. பேர்ப் பட்டியலில் என் பேர் இல்லை. அக்காவின் பேர் ஒரு கண் சிமிட்டும் நேரம் வந்து போயிற்று.

விளக்குக் காட்சி வந்தது. தெருவில் தீப்பந்தங்கள். மனைவி ஓடிவந்து ஜன்னலைச் சாத்தி மேல் தாழ்ப்பாளைப் போடுகிறாள். இடுக்கில் வெளிச்சம் கசிகிறது. காலடிச் சத்தம் நெருங்குகிறது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மனைவி விளக்கைத் திரும்பிப் பார்க்கிறாள். அடுத்து திரை நிறைய விளக்கு மட்டும். கையே வரவில்லை. எங்கிருந்தோ ஒரு காற்று வந்தது, சுடர் படபடத்தது, அணைந்தது. மனைவி இரண்டு கையையும் கூப்பியபடி நிற்கிறாள். பின்னால் ஒரு குரல், எல்லாம் விதியின் செயல் என்றது.

எனக்குப் புரிந்துவிட்டது. முதலாளியும் சபையும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அவள் கெட்டவளும் இல்லை, நல்லவளும் இல்லை, காற்றுதான் அணைத்தது, யாருக்கும் சண்டை வேண்டாம். விளக்கை மட்டும் தனியாக வைத்து மறுபடி எடுத்து, கைகூப்பி நிற்பதை வேறு காட்சியிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதற்குத் துணி தேவையில்லை, அதனால் அக்காவுக்கும் தெரியவில்லை. அந்த டைரக்டர் பெண் எந்த மூலையில் உட்கார்ந்து அழுதாளோ.

“ஜன்னலைத்தான் சாத்திட்டாளேடி” என்றாள் அக்கா. மெதுவாகச் சொல்லவில்லை. “காத்து எங்கேர்ந்து வந்துச்சு?”

முன் வரிசைக்காரர் திரும்பினார். “மகான் கதைல காத்து எங்கேர்ந்து வேணா வரும்மா. பேசாம பாருங்க.”

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். நான் புடவையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. பதினோரு வருடம் மடித்து மடித்துப் பெட்டியில் போட்ட குரல் மொத்தமும் அன்றைக்கு வெளியே வந்தது.

“அவதான் அணைச்சா. இடது கையால அணைச்சா. என் தங்கச்சி பக்கத்துல உக்காந்து பார்த்து எழுதி வெச்சிருக்கா” என்றாள். “அதை மட்டும் இவ சரியாத்தான் பார்த்தா.”